நார்மனைப் பைத்தியமாக்கியது யார்?

ஹிட்ச்காக் இயக்கிய ‘சைக்கோ’ (1960) படத்துக்கு இரண்டாம் பாகமா என்று முகம் சுளிப்பவர்கள் இன்றும் உண்டு. ஹிட்ச்காக் இறந்தது 1980இல். மூன்றே வருடத்தில் யூனிவர்சல் நிறுவனம் அடுத்த பாகத்தைக் கொண்டுவந்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் ரிச்சர்ட் ஃபிராங்க்ளின் இயக்கிய ‘சைக்கோ 2’ கல்லாவை மட்டும் நம்பி எடுத்த படம் இல்லை. 22 வருடம் மனநலக் காப்பகத்தில் இருந்து குணமாகி வெளியே வரும் நார்மன் பேட்ஸ் என்ற கொலைகாரனை, ஊர் மறுபடியும் பைத்தியமாக்குவதைக் காட்டும் படம் அது. முதல் படத்தில் சாலையோர மோட்டல் (தங்கும் விடுதி) நடத்திய நார்மன், செத்துப்போன அம்மாவாகவே தன்னை நினைத்துக்கொண்டு, அவள் வேஷத்தில் கொலை செய்தவன். முடிச்சுகளை எல்லாம் இங்கே அவிழ்த்துவிடுவேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதலில் யார் என்ன செய்கிறார்கள் என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். முதல் முறை பார்க்கும்போது குழம்புவதே இங்கேதான். தொலைபேசியில் ‘அம்மா’ பேசுவது, ஓட்டலில் ஆர்டர் சீட்டுகளுக்கு நடுவே ‘அம்மா’ எழுதிய சீட்டு இருப்பது, பூட்டிக் கிடந்த அம்மாவின் அறை திடீரென்று பழையபடி ஆவது, இதெல்லாம் லைலாவும் அவள் மகள் மேரியும் போடும் நாடகம். லைலா முதல் படத்தில் கொல்லப்பட்ட மேரியனின் தங்கை. அதே வேரா மைல்ஸ்தான் மறுபடியும் நடித்திருக்கிறார். நார்மனை எப்படியாவது காப்பகத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் அவள் திட்டம். கொலைகள் அவள் கணக்கில் வராது. மோட்டலை நடத்திவந்த டூமி, நிலவறையில் சிக்கும் பையன், கடைசியில் லைலா, மூன்று பேரையும் கொல்வது எம்மா ஸ்பூல். நார்மனுக்குச் சமையலறை வேலை கிடைத்த ஓட்டலில் உடன் வேலை பார்க்கும் அந்த வயதான பெண்மணி. ஆக, ஒரே வீட்டுக்குள் ஒன்றுக்கொன்று தெரியாத இரண்டு சதிகள். திரைக்கதை எழுதிய டாம் ஹாலண்டின் கெட்டிக்காரத்தனம் இதுதான்: ஒரு சதியை நாம் பாதியில் கண்டுபிடித்துவிடுவோம், கண்டுபிடித்த திருப்தியில் இன்னொன்றைத் தேடாமல் விட்டுவிடுவோம்.

குறிப்பு கொடுக்காமல் ஏமாற்றவும் இல்லை. மேரி தன்னை மேரி சாமுவேல்ஸ் என்று சொல்லிக்கொள்கிறாள். முதல் படத்தில் மேரியன் மோட்டல் பதிவேட்டில் எழுதிய பொய்ப் பெயரும் ஏறக்குறைய இதேதான்: மரீ சாமுவேல்ஸ். அதை நினைவில் வைத்திருப்பவருக்கு அவள் வாயைத் திறந்ததுமே பொறி தட்டும். அந்தப் பையன் நிலவறையில் கொல்லப்படும்போது நார்மன் மாடிக்கும் மேலே பரண் அறையில் அடைபட்டுக் கிடக்கிறான் என்பதையும் நமக்குக் காட்டிவிடுகிறார்கள். ஆனால் பூட்டு பிறகு திறந்திருப்பதால் அவன் சொல்வதை நம்ப ஆளில்லை. தன்னையே அவனால் நம்ப முடியவில்லை.

படத்தின் சிறந்த காட்சியில் ரத்தமே இல்லை. மேரி முதல் முறை வீட்டுக்கு வரும் இரவு, சமையலறையில் சாண்ட்விச். அதை நறுக்கக் கத்தி வேண்டும். ‘கட்லரி’ என்ற சாதாரணச் சொல் நார்மனின் வாயில் முதல் எழுத்திலேயே சிக்கித் திக்குகிறது. ஆந்தனி பெர்கின்ஸுக்கு அப்போது ஐம்பது தாண்டிவிட்டது. அந்தத் திக்கலில் பழைய இளைஞனின் கூச்சமும் இருக்கிறது, தன் கையைப் பார்த்தே பயப்படுகிற மனிதனும் இருக்கிறான். கொலைக் காட்சிகளை இன்னும் குறைத்து இந்த மாதிரி இரண்டு காட்சி வைத்திருக்கலாம் என்று தோன்றும்.

காட்சியமைப்பிலும் இதே நிதானம். பழைய குளியலறைக் கொலையைக் கறுப்பு வெள்ளையில் போட்டு ஆரம்பித்து, அந்த மேட்டு வீட்டின் மீது மெல்ல வண்ணம் ஏறவிடுகிறார்கள். ஒளிப்பதிவு டீன் கண்டி. பழைய மோட்டல் செட் இல்லாமல் போயிருந்ததால் ஒரு பகுதியை மட்டும் கட்டி, மிச்சத்தை ஆல்பர்ட் விட்லாக்கின் மேட் ஓவியத்தால் (செட்டின் தொடர்ச்சி போலவே வரைந்து படத்தோடு இணைக்கும் ஓவியம்) நிரப்பினார்கள். இசையில் ஜெர்ரி கோல்ட்ஸ்மித், முதல் படத்துக்கு இசையமைத்த ஹெர்மனின் கிறீச்சிடும் வயலின்களோடு போட்டி போடவில்லை. தாலாட்டு மாதிரி ஒரு மெட்டை நார்மனுக்குக் கொடுத்து, அவன் பக்கம் நம்மைச் சாய்த்துவிடுகிறார். நார்மனும் மேரியும் அம்மாவின் அறைக்குள் நுழையும்போது விளக்கு எரிவதற்கு முன் வலது ஓரத்தைப் பாருங்கள். ஹிட்ச்காக்கின் நிழலுருவம் தெரியும்.

சறுக்கல்களும் இருக்கின்றன. லைலாவின் வாய்க்குள் கத்தி இறங்கும் காட்சி அந்தக் காலத்து ஸ்லாஷர் (கத்திக்குத்துக் கொலைகள் நிறைந்த திகில் படம்) ரசிகர்களுக்காகப் போட்டது. படத்தின் தொனியோடு ஒட்டவில்லை. அம்மா வேஷத்தில் நிற்கும் மேரியைப் பின்னாலிருந்து பிடிக்கப்போய் நார்மனின் மனநல மருத்துவர் ரேமண்ட் கத்திக்குத்து வாங்குவதோ வலிந்து செய்தது. அந்த ஆள் குரல் கொடுத்திருந்தாலே போதும்.

ஆனால் அதற்குச் சற்று முன்னால் நடப்பதைத் தவறவிட வேண்டாம். நார்மன் தொலைபேசியில் அம்மாவுடன் பேசிக்கொண்டிருக்கிறான். மேரி அதே இணைப்பின் இன்னொரு தொலைபேசியை எடுத்துக் காதில் வைக்கிறாள். எதிர்முனையில் யாருமே இல்லை. லைலாவின் திட்டம் பலித்துவிட்டது, அதைப் பார்க்க லைலா உயிரோடு இல்லை. போலீஸ் மேரியைச் சுட்டுவிட்டு, கொலைகளை எல்லாம் தாய், மகள் தலையில் கட்டி வழக்கை முடிக்கிறது. பிறகுதான் ஸ்பூல் தேநீர் குடிக்க வருகிறாள், உன்னைப் பெற்றவள் நான்தான் என்கிறாள். நார்மன் பதறவில்லை. தேநீரில் விஷம் கலந்து கொடுத்துவிட்டு, பின்னால் போய் நின்று கரி அள்ளும் மண்வெட்டியால் ஒரே போடு.

பெர்கின்ஸே இயக்கிய மூன்றாம் பாகம் (1986) ஸ்பூலை அம்மா இல்லை, சித்திமுறை என்று மாற்றிவிடும். அதை உடனே தொடர்ந்து பார்க்காமல் ஒரு நாள் இடைவெளி விடுங்கள். ‘சைக்கோ’வின் மூல நாவலை எழுதிய ராபர்ட் பிளாக் 1982இல் இதே தலைப்பில் எழுதிய நாவலின் கதை முற்றிலும் வேறு.