ஜிஎஸ்டி பில் எழுதச் சொன்னால் ஏஐ எதையெல்லாம் ஊகிக்கும்?

‘பொருள்களின் விலையை வாங்கி, ஜிஎஸ்டி சேர்த்து மொத்தம் தரும் பைத்தான் ஃபங்ஷன் எழுது.’ ஏஐ உதவியாளரிடம் இப்படிக் கேட்டால் சில நொடிகளில் கோடு (நிரல்) வந்துவிடும். எரர் இல்லாமல் ஓடவும் செய்யும். ஆனால் நாம் சொல்லாமல் விட்டதையெல்லாம் அது தானாக முடிவு செய்திருக்கும். எதை முடிவு செய்தது என்று பல நேரம் சொல்லவும் சொல்லாது.

விலையையே எடுத்துக்கொள்வோம். 118 ரூபாய் என்பது எம்ஆர்பி என்றால் வரி அதற்குள்ளேயே இருக்கிறது. 18 சதவீதத்துக்கு, வரிக்கு முந்தைய மதிப்பு 100. இதைச் சொல்லாவிட்டால் 118-க்கு மேல் இன்னொரு முறை வரி போட்டு 139.24 என்று காட்ட வாய்ப்பு அதிகம்.

வரி விகிதமும் அப்படித்தான். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பொருள்களுக்கு 12, 28 சதவீத அடுக்குகள் இல்லை. அதற்கு முந்தைய தரவில் பயின்ற மாடல் பழைய அடுக்குகளைக் கூச்சமே இல்லாமல் கோடுக்குள் எழுதிவைக்கும். விகிதத்தைப் பொருளோடு சேர்த்து நீங்களே கொடுங்கள். ஒரே மாநிலத்துக்குள் என்றால் மத்திய அரசுக்கு சிஜிஎஸ்டி, மாநிலத்துக்கு எஸ்ஜிஎஸ்டி எனப் பாதிப் பாதியாக இரண்டு வரி, மாநிலம் தாண்டினால் ஐஜிஎஸ்டி என்பதையும் எழுத வேண்டும்.

உண்மையில் கழுத்தறுப்பது ரவுண்டிங்தான். 107 ரூபாய்ப் பொருளுக்கு 5 சதவீத வரி என்றால் சிஜிஎஸ்டி 2.675. ஃப்ளோட்டில், அதாவது தசம எண்களைத் தோராயமாக வைத்துக்கொள்ளும் பைத்தானின் வழக்கமான எண் வகையில், 107-ஐ 0.025-ஆல் பெருக்கி, இரண்டு தசம இடத்துக்கு ரவுண்ட் செய்தால் 2.68. அதையே 2.5-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் 2.67! கணக்கு ஒன்றுதான். 2.675-ஐ ஃப்ளோட்டால் துல்லியமாக வைத்துக்கொள்ள முடியாததால் ஒரு வழியில் துளி கூடுகிறது, இன்னொரு வழியில் துளி குறைகிறது. ஏஐ எந்த வழியில் எழுதும் என்பது அன்றன்றைய அதிர்ஷ்டம். தசம எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளும் வகைக்கு டெசிமல் என்று பெயர். ‘டெசிமல் பயன்படுத்து’ என்றால் மட்டும் போதாது. எண்ணை ஸ்ட்ரிங்காக (மேற்கோள் குறிக்குள் எழுத்தாக) கொடுத்து டெசிமல் ஆக்க வேண்டும், ரவுண்ட்_ஹாஃப்_அப் (பாதி வந்தால் மேலே) என்று முறையையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

எந்த இடத்தில் ரவுண்ட் செய்வது என்பது தனிக்கேள்வி. 33.25 ரூபாய்ப் பொருள் மூன்று, 18 சதவீதம். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகப் பைசாவுக்கு ரவுண்ட் செய்து கூட்டினால் சிஜிஎஸ்டி 8.97. மொத்தத்தில் செய்தால் 8.98. ஒரு பைசாதானே என்று தோன்றும், கணக்காளர் கேட்கும்வரை.

ஆக, ப்ராம்ப்ட் (ஏஐயிடம் கேட்கும் வாசகம்) இப்படிப் போகலாம்: ‘விலை வரி சேர்க்காதது. விகிதம் ஒவ்வொரு பொருளோடும் வரும். விற்பவர், சப்ளை இடம் இரண்டின் மாநிலக் குறியீடும் 33 (தமிழ்நாடு) என்றால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி; மாநிலம் தாண்டினால் ஐஜிஎஸ்டி. ஃப்ளோட் கூடாது. பொருள்வாரியாகப் பைசாவுக்கு ரவுண்ட், பாதி வந்தால் மேலே. 107 ரூபாய், 5 சதவீதம் என்றால் சிஜிஎஸ்டி 2.68, எஸ்ஜிஎஸ்டி 2.68, மொத்தம் 112.36. விலை சுழியமோ எதிர்மமோ ஆனால் எரர். முரண்பாடு தெரிந்தால் எழுதும் முன் கேள்.’ இதில் அதிக வேலை செய்வது அந்த எண் உதாரணம். விதியை ஏஐ தவறாகப் புரிந்துகொண்டாலும் விடை பொருந்தாமல் போய் மாட்டிக்கொள்ளும். ஃபங்ஷனை எப்படிப் பிரிப்பது, வேரியபிளுக்கு என்ன பெயர் என்பதையெல்லாம் அதனிடமே விட்டுவிடலாம். அதையும் வரிவரியாகச் சொல்வதானால் நாமே எழுதிவிடுவது வேகம்.

தவறு வந்தபின் ‘சரியா வரலை, சரிபண்ணு’ என்பது முதல் ப்ராம்ப்டைவிட மோசம். எது சரியில்லை என்று தெரியாமல், ஒழுங்காக இருந்த பகுதியையும் அது கிளறிவிடும். கொடுத்த இன்புட், வர வேண்டிய விடை, வந்த விடை மூன்றையும் ஒட்டுங்கள். திருத்தம் வந்ததும் டிஃபை, அதாவது பழைய கோடுக்கும் புதியதுக்கும் உள்ள வித்தியாசத்தை, பாருங்கள். விடைகளைச் சரிபார்க்கும் டெஸ்ட் ஃபைலில் 2.68 இருந்த இடத்தில் 2.67 இருந்தால் அந்த மாற்றத்தை ஏற்காதீர்கள்.