லாயர் பில்லை எங்கள் தலையில் கட்டப் பார்த்த லீக்

லீக் வைத்த லாயருக்கு ஆன செலவைக் கட்டச் சொல்லி முன்பு எங்களுக்கு வந்த மாதிரியே, எங்கள் காற்பந்து லீக்கில் விளையாடும் இன்னொரு கிளப்புக்கும் இந்த வாரம் கடிதம் வந்திருக்கிறது. அந்தக் கிளப்பின் செயலாளர் ராத்திரி பதினோரு மணிக்கு என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது, முழுவதையும் இங்கே எழுதுகிறேன். நடந்தது 2024-இல், இருந்தாலும் எழுத உட்கார்ந்தால் இன்னும் கோபம் வருகிறது.

நான் கோலாலம்பூர் செந்தூலில் ஒரு சின்னக் காற்பந்து கிளப்பின் செயலாளர். பெரியவர்கள் அணி ஒன்று, 15 வயதுக்கு உட்பட்ட பையன்கள் அணி ஒன்று. அந்த ஜனவரியில் எங்கள் ஆட்டக்காரர் ஒருவருக்குப் பழைய கிளப் விடுவித்ததற்கான ரிலீஸ் கடிதம் இல்லை என்று எதிரணி புகார் கொடுக்க, லீக் எங்களுக்கு 6 புள்ளிகளை வெட்டியது. அந்தக் கடிதத்தை நாங்கள் ஏற்கெனவே கொடுத்திருந்தோம், லீக் அலுவலகமே சாப் (முத்திரை) குத்திய நகல் கையில் இருந்தது. மேல்முறையீடு செய்தோம், பிப்ரவரியில் புள்ளிகள் திரும்பி வந்தன. கடிதத்தைத் தாமதமாகக் கொடுத்ததற்கு 300 வெள்ளி (ரிங்கிட்) அபராதம் மட்டும் நின்றது, அதையும் கட்டிவிட்டோம்.

ஏப்ரலில் ஒரு கடிதம். மேல்முறையீட்டில் லீக் வைத்த லாயருக்கு ஆன செலவு 7,884 வெள்ளி, 14 நாளில் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் எங்கள் 2,000 வெள்ளி டெபாசிட்டில் பிடித்துக்கொண்டு மீதியைக் கட்டும் வரை அடுத்த சீசன் பதிவு கிடையாது என்று எழுதியிருந்தார்கள். ஆதாரமாகக் காட்டியது விதிப் புத்தகத்தில் உள்ள ஒரே ஒரு வரி: "மேல்முறையீட்டில் ஏற்படும் செலவை மேல்முறையீடு செய்த கிளப் ஏற்கும்." அந்த வரி எழுதப்பட்ட காலத்தில் செலவு என்றால் மண்டப வாடகை, தேநீர், நடுவர் வந்துபோகும் பயணப் படி. லாயர் என்ற சொல்லே அதில் இல்லை. அதைவிட, வழக்கில் ஜெயித்தவனிடமே செலவைக் கேட்கிறார்கள்.

முதல் தப்பை நாங்கள்தான் செய்தோம்: நேரில் போய்ப் பேசினோம். முதல் தடவை போனால் "பாஸ் ஆபீஸில் இல்லை". இரண்டாவது தடவை வேலைக்கு அரை நாள் லீவு போட்டுப் போய், பில்லைக் காட்டுங்கள் என்று கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் தலையைக்கூடத் தூக்காமல், லாயர் பில் ரகசியம், வெளியாளுக்குக் காட்ட முடியாது என்றார். பணம் கட்ட மட்டும் நான் உள்ளாள், பில் பார்க்க வெளியாளா என்று கேட்டேன், பதில் இல்லை. மூன்றாவது தடவை கடிதமாக எழுதிக் கொண்டுபோனேன். கடிதத்தை வாங்கிக்கொண்டார், என் நகலில் சாப் குத்த மட்டும் மறுத்துவிட்டார். அன்றைக்கே போஸ்ட் ஆபீஸ் போய் அதே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். தயவுசெய்து இதை முதல் நாளே செய்யுங்கள். வாயால் கேட்டது எதுவும் பின்னால் கணக்கில் வராது, எனக்கு வந்ததெல்லாம் தபால் ரசீதால் வந்தது.

நடுவில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஜாலான் டூத்தா கோர்ட்டில் சிறு தொகை வழக்கு போடு, 5,000 வெள்ளி வரைக்கும் லாயரே வேண்டாம் என்றார் ஒருவர். விசாரித்துப் பார்த்தால் அங்கே வழக்குப் போடுகிறவர் தனி நபராக இருக்க வேண்டும், கிளப் பெயரில் போட முடியாது. வழக்கமான கோர்ட்டுக்குப் போவதையோ காற்பந்து உலகமே விரும்புவதில்லை, ஃபிஃபா விதியிலிருந்து எங்கள் லீக் விதி வரைக்கும் சச்சரவை உள்ளுக்குள் தீர்க்கத்தான் சொல்கின்றன. அதனால் அந்த வழியை விட்டுவிட்டோம்.

அப்புறம் அரசு அலுவலகங்கள் இருக்கும் புத்ராஜெயா. 1997 விளையாட்டு மேம்பாட்டுச் சட்டப்படி நம்மைப் போன்ற கிளப்புகள் விளையாட்டு ஆணையரிடம்தான் பதிந்திருக்கின்றன, அங்கே முறையிடலாம் என்று நானும் எங்கள் கிளப் தலைவரும் செந்தூல் பாராட்டில் எம்ஆர்டி ரயில் ஏறிப் போனோம். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். உள் வழிமுறை முடிந்துவிட்டதா, லீக்கின் இறுதி முடிவு எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டார். எங்களிடம் இல்லை. அதோடு, எங்கள் பொருளாளர் மாறி இரண்டு வருடம் ஆகியும் அந்த மாற்றத்தை நாங்கள் தெரிவிக்காமல் இருந்ததும் அங்கேதான் தெரிந்தது. அந்த அதிகாரிமேல் குற்றமே இல்லை. ஒரு முழு நாள் போனது. நீங்கள் போவதாக இருந்தால் பொறுப்பாளர் பட்டியலையும் ஆண்டுக் கூட்ட மினிட்ஸையும் முதலில் சரிசெய்துவிட்டு, லீக்கின் முடிவை எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள்.

திரும்பி வரும்போது தலைவர் ரயிலில் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்குகிற நேரத்தில், "கட்டிடலாம்பா, பையன்களுக்கு ஆட்டம் போயிடக் கூடாது" என்றார். அவர் 30 வருடமாகத் திடலுக்குக் கோடு போடுகிற மனிதர், அவர் வாயில் அது வந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எங்களிடம் முன்பு விளையாடிய தம்பி ஒருவர் இப்போது லாயர். அவர் சொன்னது எளிது. யாராவது லாயர் செலவைக் கட்டச் சொன்னால், என்ன வேலை, எந்தத் தேதி, எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். லாயர் பில் என்பது கேள்வி கேட்கக்கூடாத பொருள் இல்லை, தொகை நியாயமா என்று கோர்ட்டே பார்த்து மதிப்பிடும் முறை இந்த நாட்டில் இருக்கிறது. இந்த இரண்டையும் எழுதி, தபால் ரசீதின் நகலோடு, லீக் நிர்வாகக் குழு உறுப்பினர் எல்லோருக்கும் தனித்தனியாக அனுப்பினேன். ஒன்பதாவது நாள் பில் வந்தது.

பில்லில் நாலு வேலை எழுதியிருந்தது. விசாரணைக்கு ஆலோசனையும் இரண்டு அமர்வும் 2,400. கடிதங்கள் 900. அடுத்த சீசன் விதிப் புத்தகத்தைத் திருத்தியது 2,500. ஸ்பான்சர் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தது 1,500. மொத்தம் 7,300, அதன்மேல் 8 சதவீத சேவை வரி 584. கடைசி இரண்டு வேலைக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது! லீக் தன் வீட்டு வேலைக்கு ஆன 4,000 வெள்ளியை, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக் கடை போட்டுப் பணம் சேர்க்கிற ஒரு கிளப்பிடம் தள்ளிவிடப் பார்த்திருக்கிறது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. சேவை வரியிலும் தப்பு: எங்கள் வழக்கு வேலை முழுக்க ஜனவரியிலும் பிப்ரவரியிலும் முடிந்தது, வரி 6-லிருந்து 8 ஆனது 2024 மார்ச் 1 முதல்தான்.

மே மாதம் லீக் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதை வரிவரியாகப் படித்தேன். ஸ்பான்சர் ஒப்பந்தத்துக்கு வந்ததும் குழுவில் இரண்டு பேர் தங்கள் தலைவரையே திரும்பிப் பார்த்தார்கள், அவர்களுக்கும் தெரியாமல் நடந்திருக்கிறது. இரண்டு மணி நேரம் பேசி, எங்கள் வழக்கு வேலைக்கான 3,300-இல் பாதி, 1,650, அதற்கு 6 சதவீத வரி 99, ஆக 1,749 என்று முடிந்தது. டெபாசிட்டில் அதைக் கழித்து மீதி 251 வெள்ளிக்கு செக் கொடுத்தார்கள்.

ஜெயித்த வழக்குக்கு 1,749 கொடுத்தது சரியா என்று கேட்டால், சரியில்லை. பதிவு மே 31-இல் மூட இருந்தது, பையன்களை வைத்துக்கொண்டு இன்னும் இழுக்க எங்களால் முடியவில்லை. ஆனால் ஒன்றில் விட்டுக்கொடுக்கவில்லை. அவர்கள் முதலில் நீட்டிய கடிதத்தில் "பகுதித் தொகை பெறப்பட்டது" என்று இருந்தது. அதில் கையெழுத்துப் போட்டிருந்தால் மீதியை எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். "முழுத் தீர்வு, இனி பாக்கி இல்லை" என்று மாற்றி அடித்துக் கொடுக்கும் வரை நாற்காலியை விட்டு எழவில்லை. உங்களுக்கும் அந்த இடம் வரும், ஒவ்வொரு சொல்லையும் படியுங்கள்.

டெபாசிட்டைத் திரும்ப நிரப்ப மூன்று ஞாயிறு கடை போட்டோம், இரண்டு அணியும் பதிவாகிவிட்டன. அந்த ஒரு வரி விதி மட்டும் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. "செலவு" என்பதில் லாயர் கட்டணம் சேராது, தோற்ற தரப்புதான் செலவை ஏற்கும் என்று திருத்த அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்குத் தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன். வழிமொழிய இன்னும் இரண்டு கிளப் வேண்டும். எங்கள் லீக்கில் இருப்பவர்கள் இதைப் படித்தால், கூட்டத்துக்கு முன்னால் என்னைக் கூப்பிடுங்கள்.