ரெட்மி நோட் 8 கேட்ட கேள்வி

2021 மே மாதம், கொரோனா இரண்டாவது அலை உச்சத்தில் இருந்தபோது, ஊட்டி, கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் என்று மலை முழுக்கச் சிதறிக் கிடந்த சின்ன ஆஸ்பத்திரிகளின் டாக்டர்களும் நர்ஸ்களும் ராத்திரி வேளையில் ஜூமில் கூடுவோம். மழை பிடித்தால் டவர் போய்விடும், அப்புறம் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட்தான்.

முதலில் பெரிய ஊர் நிபுணர்களைப் பேசக் கூப்பிட்டோம். நன்றாகத்தான் பேசினார்கள், ஆனால் ஸ்லைடில் வந்த கருவிகளில் பாதி எங்களிடம் கிடையாது. உருப்படியான பேச்சு ஆரம்பித்ததே ஒரு சிஸ்டர், "விடிகாலையில பார்த்தா ஆக்சிஜன் அளவு 90, 91னு காட்டுது சார், ஆள் நல்லாப் பேசுறார், இதை நம்பலாமா?" என்று கேட்டபோதுதான். குளிரில் விரல் விறைத்தால் ரத்த ஓட்டம் குறைந்து, விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்சிமீட்டர் தப்பாகக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, அதில் வரும் நாடித்துடிப்பு நாம் கையில் பிடித்து எண்ணுவதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே எழுத வேண்டும். அதோடு ஊட்டி 2,240 மீட்டர் உயரம், சமவெளியில் 98 காட்டுகிறவருக்கே இங்கே 95 காட்டலாம். அதற்காக 94க்குக் கீழே போனால் ஆபத்து என்ற எல்லையைத் தளர்த்த எங்களுக்குத் துணிச்சல் இல்லை. ஒற்றை எண்ணை மட்டும் நம்பாமல், ஆறு நிமிடம் நடக்கவிட்டு எவ்வளவு இறங்குகிறது என்றும் பார்ப்பது என்று பேசி முடித்தோம்.

இன்னொரு நாள் ஆம்புலன்ஸில் போகும் ஆக்சிஜன் சிலிண்டர் கணக்கு. பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர், நிமிடத்துக்குப் பத்து லிட்டர் வைத்தால் இரண்டரை மணி நேரம். ஊட்டியிலிருந்து கோவைக்கு மூன்று மணி நேரம் சாதாரணமாக ஆகும். "பர்லியாறு பக்கம் லாரி மாட்டிக்கிச்சுன்னா?" என்றார் ஒரு ஆம்புலன்ஸ் டிரைவர். கீழே போய்ப் படுக்கைக்காக வாசலில் காத்துக் கிடக்கும் நேரத்தையும் சேர்க்கச் சொன்னதும் அவர்தான். அன்றைக்கு எங்களுக்கு அவர்தான் வாத்தியார்.

நெட் மிச்சம் பிடிக்க எல்லோரும் வீடியோவை அணைத்துவிடுவோம். பாதிப் பேர் பெயரை மாற்றத் தெரியாமல் போன் மாடல் பெயரிலேயே இருப்பார்கள். காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்த கதையை அனுபவஸ்தர் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, ரெட்மி நோட் 8 குறுக்கே புகுந்தது: "ஆக்சிஜன் தேவைப்படலையே சார், எதுக்கு ஸ்டீராய்டு?" பிரிட்டனின் ரிகவரி ஆய்வு 2020 ஜூனிலேயே சொல்லிவிட்டது, தினம் 6 மில்லிகிராம், அதுவும் ஆக்சிஜன் தேவைப்படுகிறவர்களுக்குத்தான் உயிர் காக்கிறது, மற்றவர்களுக்குப் பலன் தெரியவில்லை என்று. கொஞ்ச நேரம் யாரும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் அந்த அனுபவஸ்தரே, "சரி, அந்தப் பேப்பரை அனுப்புங்க" என்றார். கேட்டது படிப்பை முடித்துப் புதிதாகச் சேர்ந்த பெண் என்பது பிறகுதான் தெரிந்தது. ரவுண்ட்ஸில் நேரில் நின்று அவர் இதைக் கேட்டிருப்பாரா? என் அனுபவத்தில் வாய்ப்பே இல்லை. பெயர் தெரியாததால் வந்த தைரியத்தை எந்தப் பயிற்சி வகுப்பும் எங்களுக்குக் கொடுத்ததில்லை.

எல்லாவற்றுக்கும் விடை கிடைத்தது என்று சொல்லமாட்டேன். எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில் ஒரே அறையில் ஆறு பேர் இருக்கும்போது வீட்டுத் தனிமை என்று சீட்டில் எழுதி என்ன பயன்? இதைப் பல ராத்திரி பேசியும் மருத்துவத்தில் வழி இல்லை. மூடிக் கிடந்த பள்ளிக்கூடத்தைத் திறந்துவிடச் சொல்லி எஸ்டேட் மேனேஜர்களிடம் போய் நின்றோம். சிலர் திறந்தார்கள், சிலர் போனையே எடுக்கவில்லை.