சிவப்பு நட்சத்திரமும் பொத்தான் டப்பாவும்

தூலாவில் மாமியார் வீட்டு அலமாரியில், கண்ணாடிக்குப் பின்னால், தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே சோவியத் படையினருக்குத் தரப்பட்ட செந்நட்சத்திர விருது ஒன்று இருக்கிறது. "அப்பா ஸ்டாலின்கிராட்டில் வாங்கியது" என்று அவர் சொல்லி 12 ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். மருத்துவம் படிக்க ரஷ்யா வந்து இங்கேயே தங்கிவிட்டவன் நான். பழைய நாணயங்களைக் கிளறும் கிறுக்கும் உண்டு. இந்த மே 9 வெற்றி நாள் விடுமுறையில் அதைக் கையில் எடுத்துப் பார்க்க ஒருவழியாக அனுமதி கிடைத்தது.

முதலில் அசலா போலியா என்ற கேள்வி. திருப்பினால் நடுவில் திருகாணி, அதைச் சட்டையில் பிடிக்க ஒரு வட்ட மறை. மேலே நாணயச்சாலையின் முத்திரை, கீழே வரிசை எண். பத்து மடங்கு உருப்பெருக்கியில் அந்த எண் அச்சாகத் தெரியவில்லை. கையால் செதுக்கியது, ஒரு 3க்கும் அடுத்த 3க்கும் வளைவு ஒத்துப்போகவில்லை. வார்த்தெடுத்த போலிகளில் எண்ணின் ஓரம் மழுங்கிக் குழைந்திருக்கும். இதில் உளி இழுத்த தடமே தெரிந்தது. வெள்ளியும் இடுக்குகளில் கறுத்திருந்தது. நிம்மதி.

ஆனால் முன்பக்கத்தில் ஒரு முனை மட்டும் உறுத்தியது. மற்ற நான்கிலும் எனாமல் கண்ணாடிபோல ஆழமாக ஒளிர, அது மட்டும் மொழுக்கென்று இருந்தது. யாரோ பழுதுபார்த்திருக்கிறார்கள் என்று நான் தீவிரமாக விளக்க, மாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். பள்ளிப் பருவத்தில் கீழே போட்டு உடைத்துவிட்டு, அப்பாவுக்குத் தெரியாமல் நகப்பூச்சு தடவியது அவரேதான்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. எண் 33 லட்சத்தைத் தாண்டியிருந்தது. 1930இல் தொடங்கிய இந்த விருதில் இவ்வளவு பெரிய எண், இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு கொடுத்ததாகத்தான் இருக்க முடியும். ஸ்டாலின்கிராட் சண்டையோ 1943 பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது. மாமியாரிடம் சொல்லவில்லை. பதோல்ஸ்கில் உள்ள பாதுகாப்பு அமைச்சக ஆவணக் காப்பகத்துக்கு, உறவுமுறைச் சான்றோடு மனைவி பெயரில் கடிதம் போட்டோம்.

காத்திருந்த வாரங்களில் வேறொன்று கிடைத்தது. பொத்தான் டப்பாவுக்குள் நாடா இழந்த ஒரு வட்டப் பதக்கம். குறுக்களவு 37 மில்லிமீட்டர். மேலே மூன்று விமானங்கள், கீழே ஒரு டாங்கி, நடுவே சிவப்பு எழுத்தில் 'வீரத்துக்காக'. பேரப்பிள்ளைகள் விளையாடித் தேய்த்த பொருள் அது. பின்னால் எண் இருந்தது. அமைச்சகத்தின் 'மக்களின் வீரச்செயல்' இணையத் தரவகத்தில் பெயரைத் தேடினேன், ஒன்றும் வரவில்லை. குடும்பப் பெயரில் ஓரெழுத்தை மாற்றி, பிறந்த ஆண்டையும் சேர்த்துத் தேடிய பிறகே வந்தது. படைப்பிரிவு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்.

இந்தப் பதக்கத்தை ரெஜிமென்ட் தளபதியே வழங்கலாம் என்பதால் ஆணையும் சுருக்கம்தான். ஒரே தாளில் பலர், ஆளுக்கு மூன்று வரி. இவருக்கு: 1943 அக்டோபர், நீப்பர் ஆற்றங்கரை, குண்டுமழைக்கு நடுவே தொலைபேசிக் கம்பியை ஒன்பது முறை ஒட்டினார்.

இரண்டு மாதம் கழித்துப் பதோல்ஸ்கிலிருந்து பதிவட்டையின் நகல் வந்தது. இரண்டு எண்களும் சரி. நட்சத்திரத்துக்கு எதிரே 1954ஆம் ஆண்டு ஆணையும் 'பணிக்காலத்துக்காக' என்ற குறிப்பும். 1944 ஜூன் ஆணைப்படி 15 ஆண்டு படையில் இருந்தவர்களுக்கு இதே நட்சத்திரத்தைக் கொடுத்தார்கள். 1939இல் சேர்ந்தவருக்குக் கணக்கு அச்சாகப் பொருந்துகிறது.

மாமியார் அந்த மூன்று வரியை இரண்டு முறை படித்தார். பிறகு எழுந்துபோய் ஒரு கோப்பையை நகர்த்தி, வட்டப் பதக்கத்துக்கு இடம் பண்ணினார். சாம்பல் நிறத்தில் நீலக்கரை போட்ட நாடா ஒன்று தைக்க வேண்டும், அது என் பொறுப்பு. அப்படியே அந்த நகப்பூச்சையும் துடைத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"அதில் மட்டும் கை வைக்காதே" என்றார்.