அப்புத்தளைக் காற்றும் எட்டு ஆணிகளும்

வாடகைக்கு எடுத்த வானுக்குக் கட்டிய முற்பணத்தில் 7,500 ரூபாவைப் பிடித்துவிட்டார்கள். பந்தல் கயிறு கட்டத் தந்த எட்டு ஆணியும் வளைந்துவிட்டதாம், வானின் பக்கத் தகட்டில் கீறல் விழுந்துவிட்டதாம். இரண்டும் உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் மலைக்குப் போகிறோம் என்று தெரிந்தும் அந்த ஆணிகளைக் கொடுத்து அனுப்பியது யார்? வீட்டுக்கு வந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. ஆத்திரம் ஆறுமுன் எழுதிவிடுகிறேன்.

இங்கிலாந்திலிருந்து மச்சான் குடும்பம் வந்திருந்தது. அவர்கள் அங்கே கரவன், அதாவது சில்லு வைத்த வீட்டைக் காரில் பூட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள். "படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள வானை வாடகைக்கு எடுப்பம், ஹோட்டல் காசு மிச்சம்" என்றார். நாளுக்கு 18,000 ரூபா. ஆறு பேருக்கு இரண்டு அறை எடுத்து, மூன்று வேளையும் வெளியில் சாப்பிட்டால் அதைவிடக் கூடும். சரி என்றேன். பெண்களும் பிள்ளைகளும் வானுக்குள், நானும் மச்சானும் வெளியே பந்தலுக்குக் கீழே. வானின் கூரையோடு சுருட்டி வைத்து, இழுத்தால் விரிகிற துணிப் பந்தல் அது. ஓனிங் என்கிறார்கள். இரண்டு கால், நாலு இழுவைக் கயிறு, தரையில் அடிக்க ஒரு பை ஆணி. பந்தல் நின்றால்தான் எங்கள் இருவருக்கும் தூக்கம்.

மட்டக்களப்பிலிருந்து செங்கலடி, மஹாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை என்று ஏறி, பதுளை தாண்டி அப்புத்தளைக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்து மணி. பசறை வளைவுகளில் மகள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். வழியைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

வானை நிறுத்த இடம் கிடைத்தது தம்பேதென்னத் தேயிலைத் தோட்டப் பக்கம், பாவனையில் இல்லாத பழைய கொழுந்து மடுவம் (பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகை) ஒன்றின் முன்னால். இரவுக்கு 2,500 ரூபா, தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் உண்டு. முன்னால் தேயிலை, அதற்கும் கீழே மேகம். அந்தக் காட்சிக்கு 2,500 ஒரு காசே இல்லை. ஆனால் தரை! கொழுந்து ஏற்ற வந்த லொறிகள் எத்தனையோ வருடம் மிதித்து இறுக்கிய செம்மண். மேலே பொடிக்கல், உள்ளே கல். ஓகஸ்ட் மாத வெயிலில் காய்ந்து செங்கல் மாதிரி இருந்தது.

மச்சான் ரப்பர் சுத்தியலை எடுத்து அடித்தார். சுத்தியல் துள்ளியது, ஆணி அசையவில்லை. பென்சிலைவிட மெல்லிய கம்பியைக் கொக்கி மாதிரி வளைத்துச் செய்த ஆணிகள். இரண்டு அங்குலம் இறங்கியதும் நடுவில் மடங்கிப் பக்கவாட்டில் படுத்துவிடும். நிமிர்த்தி அடித்தால் அதே இடத்தில் மறுபடி மடங்கும். இங்கிலாந்தில் புல்தரை, ஈரமண், நாலு தட்டுத் தட்டினால் இறங்கிவிடும் என்றார். கல்தரைக்கு அங்கேயே வேறு ஆணி இருக்கிறதாம், தடித்த இரும்பில், கூர் நுனியோடு. அதில் நாலைப் பைக்குள் போட்டுத் தந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. எட்டும் வளைந்த பிறகு, வளைந்ததையே செருகி, மேலே கல்லை வைத்துவிட்டுப் படுத்தோம்.

இரவு பதினொன்றரைக்குக் காற்று வந்தது. முதலில் துணி படபடத்தது. அப்புறம் ஒரே உப்பல். பந்தல் முழுவதும் மேலே கிளம்பி, அதன் ஒரு கால் சுழன்று வானின் பக்கத்தில் 'டமார்' என்று அடித்தது. உள்ளே பிள்ளைகள் அலறினார்கள். என் தலைமாட்டில் இருந்த கல் உருண்டுபோனது. கால் ஒரு சாண் இந்தப் பக்கம் வந்திருந்தால் என் முகத்தில் பட்டிருக்கும். கை நடுங்க நடுங்க இருவருமாகத் துணியைச் சுருட்டினோம். மிச்ச இரவு முன் ஆசனத்தில் உட்கார்ந்தபடியே கழிந்தது.

காலையில் அந்த வழியாக வந்த பெரியவர் ஒருவர் வளைந்த ஆணிகளைப் பார்த்துவிட்டு நின்றார். தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கவ்வாத்து வெட்டினவர், அதாவது தேயிலைச் செடியைக் கத்தரித்தவர், இப்போது ஓய்வு. ஓர் ஆணியைக் கையில் எடுத்துப் பார்த்து, "இது இந்த மண்ணுக்கு ஆகாது தம்பி. கடைக்குப் போயி முறுக்குக்கம்பி வாங்கிட்டு வாங்க, நா அலவாங்கு எடுத்துட்டு வாறேன்" என்றார்.

கடைக்குப் போக ஓட்டோ பிடித்தோம். போக நாலு கிலோமீற்றர், வர நாலு. வந்து இறங்கியதும் 2,000 ரூபா கேட்டார் ட்ரைவர். ஏறும்போது விலை பேசாதது என் பிழை, ஆனால் மச்சானின் சப்பாத்தைப் பார்த்துச் சொன்ன விலை அது. கால் மணிநேரம் வாதாடி 1,500 கொடுத்தேன். கம்பிக்கு அவ்வளவு ஆகவில்லை! ஹாட்வெயார் கடையில் 10 மில்லிமீற்றர் முறுக்குக்கம்பியில் ஒன்றரை அடித் துண்டு நாலு வெட்டி, நுனியைக் கூராக்கி, தலையைக் கொக்கியாக வளைத்துத் தந்தார்கள். எல்லாம் சேர்த்து 900 ரூபா.

முதலில் ஆணி, பிறகு கயிறு, கடைசியில் செலவுக் கணக்கு என்று வரிசையாக எழுதத்தான் நினைத்தேன். ஆனால் பெரியவர் வேலை செய்த விதத்தைச் சொல்லாமல் எதையும் சொல்ல முடியாது. முதலில் அலவாங்கை, அந்தக் கனத்த இரும்புக் கடப்பாரையை, ஒரு சாண் உயரத்திலிருந்து மெதுவாக விட்டுவிட்டுப் பார்த்தார். 'டங்' என்றால் அடியில் கல், விலகு. 'தொப்' என்றால் மண், அங்கே நில். இடம் கிடைத்ததும் தூக்கிக் குத்தினார். ஒவ்வொரு குத்துக்கும் அலவாங்கைக் கையில் கால்வாசி திருப்பிக்கொண்டார். அதனால் அது மண்ணில் இறுகவே இல்லை, துளை வட்டமாக இறங்கியது. ஓரடி ஆனதும் அரைக் கோப்பைத் தண்ணீர் விட்டு, ஒரு பீடி முடியும்வரை காத்திருந்தார். பிறகு கம்பியை வைத்து இரும்புச் சுத்தியலால் அடித்தார். ரப்பர் சுத்தியல் இந்த மண்ணுக்கு விளையாட்டுச் சாமான், விட்டுவிட்டுப் போங்கள்.

கம்பியின் தலை பந்தலுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். "கயிறு இழுக்கிற பக்கம் சாஞ்சா கழண்டு வந்துரும் தம்பி." கொக்கி அரை அங்குலம்கூட வெளியே தெரியாத அளவுக்கு இறக்கி, கயிற்றைத் தரைக்கு ஒட்டிக் கட்டினார். உயரத்தில் கட்டினால் காற்று கம்பியை நெம்பிவிடும். முறுக்குக்கம்பியின் வரிகளில் மண் பிடித்துக்கொள்கிறது, வழுவழுப்பான ஆணிக்கு அந்தப் பிடி வராது. ஒரு கம்பியை என் முழுப் பலத்தோடும் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. அப்போது வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல!

நாலாவது மூலையில் மூன்று இடம் மாற்றியும் 'டங்' தான். பெரியவர் உரச் சாக்கு ஒன்றில் கல்லை நிரப்பி, வாயைக் கட்டி, கயிற்றை அதில் போட்டார். இருவர் சேர்ந்துதான் அந்தச் சாக்கை நகர்த்த முடிந்தது. வானை ஒட்டிய பக்கத்துக்கு மேலதிகமாக ஒரு கயிறு, பின் சில்லுக்குள் விட்டுக் கட்டினோம். புறப்படும்போது அவிழ்க்க மறக்காமல் இருக்க ஸ்டீயரிங்கில் ஒரு துணி.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊரில் ஓகஸ்டில் தோலைப் பொசுக்குகிற கச்சான் காற்றைத் திட்டிக்கொண்டே வளர்ந்தவன் நான். தென்மேற்குக் காற்று மலையின் அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் காய்ந்துபோய் இறங்குகிறது. அதுதான் அப்புத்தளை இருக்கும் ஊவா மாகாணத்தைக் கடந்து, சூடேறி, எங்கள் வாசலுக்குக் கச்சானாக வருகிறது. ஜூலையிலிருந்து செப்டெம்பர்வரை ஊவாத் தேயிலைக்கு வருகிற அந்த வாசனையும் இந்த வறண்ட காற்றால்தான். பெரியவர் வீட்டுப் பிளேன்டீயைக் குடித்த பிறகு இனி அந்தக் காற்றைத் திட்ட எனக்கு வாய் வராது. கூடவே தேங்காய் ரொட்டி, கட்டைச் சம்பல். பயணத்தில் சாப்பிட்டதில் அதுதான் முதலிடம். ரொட்டியின் ஓரம் கருகி, நடுவில் தேங்காய்ப்பூ கடிபட, சம்பலின் காரம் காதுவரை ஏறியது. காசு கொடுக்கப் போனால் அந்த அம்மா கோபித்துக்கொண்டார். ஊரிலிருந்து கொண்டுபோன கருவாட்டுப் பொதியை அப்படியே கொடுத்தோம். அதை மட்டும் வாங்கிக்கொண்டார்.

மலையுச்சியில் காட்சி பார்க்கும் இடமான லிப்டன் ஆசனத்துக்கும் போனோம். பனிமூட்டம், ஒன்றும் தெரியவில்லை.

அன்று இரவு பந்தல் நின்றது. மழைத் தண்ணீர் தேங்காமல் வழிய பந்தலின் ஒரு காலைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்திருந்தோம். அதே காற்று வந்தது, துணி உப்பியது, கயிறுகள் விறைத்தன, கம்பிகள் பிடித்துக்கொண்டன. மூன்றாம் இரவு காற்று கயிற்றில் கூவத் தொடங்கியது. "கூவ ஆரம்பிச்சா சுருட்டிருங்க" என்று பெரியவர் சொல்லியிருந்தார். கம்பி தாங்கினாலும் துணி கிழியும், பந்தலின் கை முறியும். சுருட்டிவிட்டோம்.

புறப்படும் காலையில் கொக்கிக்குள் இன்னொரு கம்பியை விட்டுத் திருகித் திருகி இரண்டை எடுத்தோம். மூன்றாவது வரவே இல்லை. பிள்ளைகள் யாரும் தடுக்கிவிடக் கூடாதென்று அதன்மேல் வெறும் தயிர்ச்சட்டி ஒன்றைக் கவிழ்த்துவிட்டு வந்தோம். அந்த மடுவத்தடியில் வான் நிறுத்துகிறவர்கள் சட்டியைத் தூக்கிப் பாருங்கள். உங்கள் முதல் கயிற்றை அதில் கட்டலாம்.