இந்த எண்களை எங்கே வைப்பது?

எங்கள் திரைப்பட விக்கியில், ஒரு கட்டுரையைப் பற்றிப் பயனர்கள் விவாதிக்கும் பேச்சுப் பக்கம் ஒன்றை நான் இப்போதும் அவ்வப்போது திறந்து பார்க்கிறேன். புதிதாக எதுவும் வந்திருக்காது என்பது தெரியும். அங்கே கடைசியாகக் கையொப்பமிட்டவன் நான்தான். என் பதிலுக்கு மேலே ஒரே வரியில் ஒரு கேள்வி நிற்கிறது: "அப்படியானால் இந்த எண்களை நான் எங்கே வைப்பது, ஐயா?" மூன்று நாள் கழித்து அதற்கு நான் எழுதிய பதிலும் ஒரே வரிதான். விதிப்படி அதில் ஒரு சொல்லும் பிழையில்லை என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டாகிவிட்டது. அதற்குப் பிறகும் அது உறுத்துகிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

திரைப்பட விக்கியில் நிர்வாகப் பணி செய்தவர்களுக்கு வீடியோ விநியோக நிறுவனங்களின் பக்கங்கள் எப்படிப் பெருகும் என்பது தெரிந்திருக்கும். ஒருவர் ஒரு படத்தைப் பற்றி நல்ல கட்டுரை எழுதுகிறார், தகவல் பெட்டியில் 'வீடியோ வெளியீடு' என்ற இடத்தில் ஒரு நிறுவனத்தின் பெயரை இடுகிறார், அந்தப் பெயருக்குப் பக்கம் இல்லாததால் அது சிவப்பு இணைப்பாக நிற்கிறது, சிவப்பைக் கண்டால் பொறுக்காத இன்னொருவர் வந்து, "இது ஒரு வீடியோ விநியோக நிறுவனம், பல படங்களை வெளியிட்டுள்ளது" என்று இரண்டு வரி எழுதி அதை நீலமாக்கிவிட்டுப் போகிறார். நான் கணக்கெடுத்தபோது இப்படி நாற்பதுக்கு மேற்பட்ட குறுங்கட்டுரைகள் இருந்தன. என்ன செய்யலாம் என்று வரைவு எழுதும் வேலையைச் சக நிர்வாகிகள் என்னிடம் விட்டார்கள். எனக்கு விதி எழுதுவதில் ஆசை உண்டு என்பதை அவர்கள் அறிவார்கள்.

முதல் சிக்கல் பெயர்தான். அமெரிக்காவில் ஆந்த்ரே பிளே நடத்திய மேக்னெட்டிக் வீடியோ, 1977-இல் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸிடம் 50 படங்களுக்கு உரிமம் பெற்றுக் கேசட்டாக விற்கத் தொடங்கியது. 1979-இல் ஃபாக்ஸே அதை வாங்கிக்கொண்டது. 1982-இல் பெயர் மாறி, சிபிஎஸ்ஸோடு சேர்ந்து சிபிஎஸ்/ஃபாக்ஸ் வீடியோ ஆனது. இதற்கு ஒரு பக்கமா, மூன்றா? 1981-இல் தொடங்கிய வெஸ்ட்ரான் வீடியோ 1991-இல் லைவ் என்டர்டெயின்மென்ட் கைக்குப் போனது. லைவ் பின்னர் ஆர்ட்டிசன் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆர்ட்டிசனை 2003-இல் லயன்ஸ்கேட் வாங்கியது. அதே லயன்ஸ்கேட் 2016-இல் பழைய வெஸ்ட்ரான் பெயரைத் தூசி தட்டி எடுத்து ஒரு புளூ-ரே வரிசைக்கு வைத்தது. உடைமைச் சங்கிலியை மட்டும் பின்பற்றினால் எல்லாம் லயன்ஸ்கேட் பக்கத்தில் ஒரு பத்தியாகச் சுருங்கிவிடும். வாசகரோ கேசட்டின் முதுகில் பார்த்த பெயரைத்தான் தேடி வருகிறார். ஆகவே உறையில் அச்சான பெயருக்கே பக்கம், கைமாறிய கதை அதற்குள் ஒரு பகுதி, மற்றப் பெயர்களெல்லாம் வாசகரை அந்தப் பக்கத்துக்கே கொண்டுபோகும் வழிமாற்று என்று முடிவுசெய்தோம். இந்த ஒன்றில் நாங்கள் சரியாக நடந்துகொண்டோம் என்று இன்றும் நினைக்கிறேன்.

இரண்டாவது சிக்கல், எந்தப் பெயருக்குப் பக்கம் தகும் என்பது. எல்லாருக்கும் தெரிந்த குறிப்பிடத்தக்கமை விதியையே நான் எடுத்துக்கொண்டேன்: நிறுவனத்தோடு தொடர்பில்லாத, நம்பத்தக்க வெளியீடுகள் ஒன்றுக்கு மேற்பட்டவை அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். வெளியிட்ட படம் புகழ்பெற்றது என்பதால் வெளியிட்டவரும் புகழ்பெற்றவர் ஆகிவிட மாட்டார். சான்றில்லாத நிறுவனங்கள் ஒரே பட்டியல் பக்கத்தில் ஆளுக்கு இரண்டு வரியாக ஒன்றிணைக்கப்படும், தலைப்புகள் வழிமாற்றாகும், வெளியீட்டு அட்டவணைகள் நீக்கப்படும். கடைசிப் பகுதியை எழுதியபோது என் கை தயங்கியதாக நினைவில்லை.

தயங்காததற்குக் காரணம் இருந்தது. அதற்கு முன் எங்கள் விக்கியில் ஒரு விநியோக நிறுவனத்தின் பக்கம் பதினோரு மாதம் இருந்தது. மங்கலான முத்திரைப் படம், தொடக்க இசையைப் பற்றி ஒரு பத்தி, வெளியீடுகளின் அட்டவணை என்று எல்லாம் ஒழுங்காக இருந்தன. அப்படி ஒரு நிறுவனம் உலகில் இருந்ததே இல்லை. யாரோ ஓர் இளைஞர் கணினியில் முத்திரையை வரைந்து, பழைய நாடாவின் கோடுகளையும் அதன்மேல் ஏற்றி, 'தொலைந்துபோன' நிறுவனம் ஒன்றை உருவாக்கியிருந்தார். நாங்கள் கண்டுபிடிப்பதற்குள் வேறு இரண்டு தளங்கள் எங்களை மேற்கோள் காட்டி அதைப் பதிந்திருந்தன. அந்தத் தளங்களையே சான்றாகக் காட்டி ஒருவர் எங்களிடம் வாதாடவும் வந்தார். இந்தத் துறையில் இது புதிதன்று. பழைய வீடியோ முத்திரைகள்மேல் பித்துள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு, கிடைக்காததைத் தேடுவதைவிட அதைச் செய்துவிடுவது எளிதாக இருக்கிறது. அட்டவணையைக் கண்டாலே ஐயப்படும் பழக்கம் எனக்கு அப்போது தொற்றியது.

இந்த நிலையில்தான் அந்தப் பயனரின் பக்கம் என் வரிசைக்கு வந்தது. சிறிய நிறுவனம் ஒன்று. எண்பதுகளில் சில ஆண்டுகள் வி.எச்.எஸ். கேசட்டுகளை வெளியிட்டுவிட்டு மூடப்பட்டது. அதைப் பற்றி நூல் இல்லை, இதழ்க் கட்டுரை இல்லை. பக்கத்தின் மேலே நான்கு வரி இருந்தது; அதற்குக் கீழே 212 வரிசைகள் கொண்ட ஓர் அட்டவணை. வரிசை எண், படத்தின் பெயர், உறையில் அச்சிட்ட ஓட்ட நேரம், அவரே ஓட்டிப் பார்த்துக் குறித்த நேரம், ஒட்டுத்தாளின் நிறம். கிடைக்காத எண்களின் வரிசைகளையும் அவர் நீக்காமல், "காணவில்லை" என்று எழுதி வெறுமையாக விட்டிருந்தார். 87-ஆம் எண்ணுக்கு எதிரே இப்படி இருந்தது: "முதுகு ஒட்டுத்தாள் கிழிந்துள்ளது. எண் நாடாவின் முகத்து ஒட்டுத்தாளிலிருந்து எடுக்கப்பட்டது. கடைசி இலக்கம் 1 ஆகவும் இருக்கலாம்." பொய் அட்டவணை செய்கிறவர்கள் இப்படி எழுதுவதில்லை. அன்றும் எனக்கு அது தெரிந்துதான் இருந்தது. இப்போது வேறு மாதிரி நினைவு வைத்துக்கொள்ள முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு படத்தின் ஓட்ட நேரம் 100 நிமிடமா, 96 நிமிடமா என்று எங்கள் விக்கியில் மாதக்கணக்கில், ஒருவர் திருத்தியதை மற்றவர் மாற்றும் தொகுப்புப் போர் நடந்தது. நாலு நிமிடம் வெட்டப்பட்டது என்று ஒரு தரப்பு, அச்சுப்பிழை என்று மறு தரப்பு. அவருடைய அட்டவணையின் அடிக்குறிப்பு அதைத் தீர்த்துவைத்தது: வினாடிக்கு 24 ஃபிரேம் என்று எடுத்த படத்தைப் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்கான கேசட்டில் 25 ஃபிரேமாக ஓட்டும்போது படம் நான்கு விழுக்காடு விரைந்து முடிகிறது, 100 நிமிடம் 96 ஆகிறது, ஒரு காட்சியும் போகவில்லை. அந்தக் குறிப்பைப் படத்தின் பக்கத்துக்கு எடுத்துக்கொண்டு, மூலப்பக்கத்தை ஒன்றிணைப்புக்குப் பரிந்துரைத்தவன் நான்.

அவர் பேச்சுப் பக்கத்துக்கு வந்தார். தகவல்கள் எங்கிருந்து வந்தவை என்று கேட்டேன். நகலெடுக்கும் அறையில் தாம் வேலை பார்த்ததாகச் சொன்னார். ஒரு மூல நாடா ஓடும். அதிலிருந்து கம்பிகள் போய், சுவர் நெடுகத் தட்டுகளில் அடுக்கிய பதிவுக் கருவிகள் ஒரே நேரத்தில் பதிவு செய்யும். இரண்டு மணி நேரப் படம் நகலாக இரண்டு மணி நேரமே ஆகும். அந்த நேரம் முழுவதும் ஒருவர் வரிசைக்கு இடையில் நடந்துகொண்டே, ஒரு சிறு திரையில் ஒவ்வொரு கருவியாக மாற்றிப் பார்ப்பார், படம் கிழிகிறதா என்று. அப்படி நடந்தவர் தாம் என்றார். வேலை முடிந்து வீட்டுக்கு எடுத்துப்போன கழிவுக் கேசட்டுகள்தாம் அந்த அட்டவணையின் தொடக்கம்.

நான் என்ன எழுதினேன் என்பதை இங்கே மாற்றாமல் சொல்ல வேண்டும். "விவரங்களுக்கு நன்றி. ஆயினும் இது சொந்த ஆய்வின் கீழ் வரும். தாங்கள் அந்நிறுவனத்தின் முன்னாள் பணியாளர் என்பதால் நலமுரண் விதியும் பொருந்துகிறது. விக்கி கலைக்களஞ்சியம், சரக்குப் பட்டியல் அன்று." (சொந்த ஆய்வு என்றால் வேறெங்கும் வெளிவராத, பயனரே திரட்டிய தகவல்; நலமுரண் என்றால் தமக்குத் தொடர்புள்ளதைப் பற்றித் தாமே எழுதுவது.) அதற்குத்தான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். என் மூன்று நாள் மௌனத்துக்குப் பிறகு வந்த பதில்: "தங்கள் சொந்தத் தளத்தில் வைத்துக்கொள்ளலாம்." அன்று மாலையே ஒன்றிணைத்தேன். அவருடைய பங்களிப்புப் பட்டியலில் அதற்குப் பிறகு ஒரு தொகுப்பும் இல்லை.

அந்த மூன்று நாளில் நான் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விதிகளில் வழி இருக்கிறதா என்று தேடினேன். உறையை முதன்மைச் சான்றாக ஏற்கலாமா என்று ஒரு சக நிர்வாகியைக் கேட்டேன். "ஒருவருக்குத் திறந்தால் எல்லாருக்கும் திறக்க வேண்டும்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அடுத்த பொய் நிறுவனத்தின் அட்டவணையோடு வருகிறவரும் "நான் அங்கே வேலை பார்த்தேன்" என்றே சொல்வார். அப்போது எதை வைத்து மறுப்பது? ஒருவருடைய எழுத்தில் உண்மை தொனிக்கிறது என்று ஒரு நிர்வாகி உணர்வதெல்லாம் விதியாகுமா? ஆகாது என்றுதான் இப்போதும் சொல்வேன்.

ஆனால் அதே வாரம் பெரிய நிறுவனங்களின் பக்கங்களில் என்ன செய்தேன் என்று நினைத்தால் இந்த உறுதி ஆட்டம் காண்கிறது. அவை பிழைத்தது பெரும்பாலும் பில்போர்ட் போன்ற வணிக இதழ்களால். எழுபதுகளின் இறுதியிலிருந்தே பில்போர்டில் வீடியோவுக்கென்று செய்திகளும் விற்பனைப் பட்டியல்களும் வரத் தொடங்கிவிட்டன. பழைய இதழ்களின் வருடிய (ஸ்கேன் செய்த) பக்கங்களும் இணையத்தில் கிடைக்கின்றன. அங்கே இருக்கும் துணுக்குகளில் பாதி, நிறுவனமே அனுப்பிய அறிவிப்பைச் சற்று மாற்றிப் போட்டவை. விதியைக் கறாராகப் படித்தால் அவை சார்பற்ற சான்றுகளே அல்ல. நான் கறாராகப் படிக்கவில்லை. அறிவிப்பு அனுப்ப ஆள் வைத்திருந்த நிறுவனத்துக்குப் பக்கம் கிடைத்தது. நாடாவைச் சரிபார்க்க மட்டும் ஆள் வைத்திருந்த நிறுவனத்துக்குக் கிடைக்கவில்லை.

சான்று கிடைக்க இன்னொரு வழியும் உண்டு, வழக்கில் சிக்குவது. பிரிட்டனில் எண்பதுகளின் தொடக்கத்தில் கொடூரக் காட்சிகள் உள்ள வீடியோக்களுக்கு எதிராக 'வீடியோ நாஸ்டி' கூச்சல் எழுந்து, காவல்துறை கடைகளில் புகுந்து கேசட்டுகளை அள்ளிச்சென்றது. ஒரு விநியோகஸ்தர் சிறைக்கே போனார். 1984-இல் வீடியோ பதிவுகள் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தை ஐரோப்பிய ஆணையத்துக்கு முறைப்படி தெரிவிக்க மறந்துவிட்டார்கள் என்பது 2009-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது; 2010-இல் திரும்ப நிறைவேற்றினார்கள் (இருபத்தைந்து ஆண்டு ஒருவரும் கவனிக்கவில்லை என்பதைப் படித்தபோது, விதி எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு ஒரு சிறு ஆறுதல்). அந்த வழக்குகளில் பெயர் அடிபட்ட சின்னஞ்சிறு நிறுவனங்களைப் பற்றிப் பத்திரிகைச் செய்தியும் நூலும் தாராளமாக இருக்கின்றன. எங்கள் விக்கியில் அவற்றுக்குத் தனிப்பக்கம் உண்டு. வம்பில் மாட்டாமல் தொழில் நடத்தி, கணக்கை முடித்து, கதவைச் சாத்தியவர்களுக்கு இரண்டு வரி. இதை எழுதும்போது நான் விதியைக் குறை சொல்கிறேனா, என்னையா என்று எனக்கே பிடிபடவில்லை.

விதியைக் காப்பாற்றிக்கொண்டே வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். உறைகளின் படங்களைப் பொதுக் காப்பகம் ஒன்றில் ஏற்றுங்கள், நான் உடனிருந்து செய்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அட்டவணையைப் பேச்சுப் பக்கத்திலேயே விட்டுவைத்திருக்கலாம். அதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை. "சொந்தத் தளத்தில் வைத்துக்கொள்ளலாம்" என்று எழுதியபோது, அவருக்கு அப்படி ஒரு தளம் இருக்கிறதா என்றுகூட நான் கேட்கவில்லை. இது நடத்தை பற்றிய குறை, முடிவு பற்றியதன்று என்று சில நாள் பிரித்துப் பார்க்கிறேன். வேறு சில நாள், இன்னும் கனிவாகச் சொல்லி அதே அட்டவணையை வெட்டியிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்று தோன்றுகிறது. கொள்கைப் பக்கத்தில், வெளியீட்டு அட்டவணைகள் நீக்கப்படும் என்ற வாக்கியம் இன்னும் என் சொற்களிலேயே இருக்கிறது. திருத்த வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, நானும் முன்மொழியவில்லை. போன மாதம்கூட அதைச் சுட்டி வேறொருவரின் அட்டவணையை நீக்கினேன். அதில் வெறும் படப் பெயர்கள்தாம் இருந்தன என்றாலும், நீக்கும் முன் எண் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன்.

அண்மையில் ஒரு புதுப்பயனர், படம் ஒன்றின் பேச்சுப் பக்கத்தில் கேசட் உறையின் ஒளிப்படத்தை இட்டு, இந்த வெளியீடு எந்த ஆண்டினது என்று கேட்டிருந்தார். அதே சிறிய நிறுவனம். முதுகில் 131 என்ற எண் தெளிவாகத் தெரிந்தது. நான் வழிமாற்றின் தொகுப்பு வரலாற்றுக்குப் போய், ஒன்றிணைப்புக்கு முந்தைய பதிப்பைத் திறந்தேன். அட்டவணை அப்படியே இருந்தது. 131-க்கு எதிரே "காணவில்லை."

பழைய பதிப்பைத் தொகுக்கத் திறந்தால், அதைச் சேமிக்கும்போது இடையில் நடந்த எல்லாம் அழிந்துவிடும் என்று விக்கி எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைப் பார்த்தபடி சற்று நேரம் இருந்துவிட்டு, சாளரத்தை மூடினேன். பிறகு வழிமாற்றின் பேச்சுப் பக்கத்தில், அவருடைய கேள்விக்கும் என் பதிலுக்கும் கீழே, 131-ஆம் எண்ணையும் படத்தின் பெயரையும் ஒட்டுத்தாளின் நிறத்தையும் எழுதிக் கையொப்பமிட்டேன். அந்தப் பக்கத்தைக் கவனிப்புப் பட்டியலில் வைத்திருப்பவர்கள் இருவர் என்று பக்கத் தகவல் காட்டுகிறது. ஒருவர் நான். மற்றவர் யார் என்பதை விக்கி சொல்வதில்லை.