முப்பது டிரைவர் நின்னும் டிரைவர் இல்லன்ன டாம்கேட்

மாங்கா சீசன் வந்துட்டா எங்க கிருஷ்ணகிரி பக்கம் மாங்கா கூழ் எடுக்கற பல்ப் ஃபேக்டரி வாசல்ல டிராக்டரும் டெம்போவும் ராத்திரி பகல் இல்லாம வரிசை கட்டி நிக்கும், முக்காவாசி பெங்களூரா ரக மாங்கா தான். அப்படி ஒரு ஃபேக்டரிக்கு எடை மேடை சீட்டு போட சின்னதா ஒரு ஜாவா வெப் ஆப் எழுதிக் குடுத்தேன். வண்டி நம்பர் அடிச்சு, லோடு எடை, காலி எடை போட்டா நிகர எடையோட சீட்டு வரும், அவ்ளோதான். என் லேப்டாப்ல ஒரு மாசம் ஜம்முனு ஓடுச்சு. அங்க இருந்த கம்ப்யூட்டர்ல புதுசா டாம்கேட் (ஜாவா வெப் ஆப்ப ஓட்டற சர்வர்) இறக்கி, ஆப்ப கட்டி வெச்ச வார் ஃபைல தூக்கி வெச்சேன், முதல் வண்டிக்கே 'நோ சூட்டபிள் டிரைவர் ஃபவுண்ட்', அதாவது டேட்டாபேஸோட பேச வேண்டிய டிரைவர்ங்கற சாஃப்ட்வேர் கிடைக்கலயாம்.

எடை மேடை அண்ணன் எட்டிப் பாத்துட்டு, "என்னப்பா டிரைவர் இல்லங்குது, வெளிய முப்பது டிரைவர் நிக்கறாங்களே"ன்னாரு. எனக்கு சிரிப்பு வரல.

டேட்டாபேஸ் யூஆர்எல்லோட ஆரம்பத்துல, 'ஜேடிபிசி:மைஎஸ்கியூஎல்'ங்கற எடத்துல ஒரு எழுத்து தப்பினாலும் இதே எரர் தான் வரும், அதனால மொதல்ல அத நாலு தடவ படிச்சேன், சரியாத்தான் இருந்துச்சு. டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல் 3306 போர்ட்ல ஓடுது, கமாண்ட் லைன்ல லாகின் ஆகுது. அந்த டிரைவர் இருக்கற கனெக்டர் ஜார் ஃபைல் ஆப்போட வெப்-இன்ஃப் லிப் ஃபோல்டர்ல பத்திரமா உக்காந்திருக்குது. அப்புறம் யார் தான் இல்லங்கறது?

விஷயம் என்னன்னா, ஜாவா 6-ல ஜேடிபிசி 4 (ஜாவா டேட்டாபேஸோட பேசற முறை) வந்தப்புறம் டிரைவர பேர் சொல்லி லோடு பண்ற கிளாஸ்.ஃபார்நேம் வரி தேவையில்ல, ஜாருக்குள்ள மெட்டா-இன்ஃப் சர்வீசஸ்ல இருக்கற பேர பாத்து ஜாவாவோட டிரைவர்மேனேஜரே லோடு பண்ணிக்கும்னு படிச்சுட்டு நானும் அந்த வரிய தூக்கிட்டேன். ஆனா அந்த தேடல் ஒரு ஜேவிஎம்முக்கு (ஓடற ஒரு ஜாவாவுக்கு) ஒரே ஒரு தடவ தான் நடக்கும், டாம்கேட் மெமரி லீக் வராம இருக்க அத ஸ்டார்ட் ஆகும்போதே முடிச்சுடும். அப்ப நம்ம ஆப் பொறக்கவே இல்ல. டாம்கேட்டோட சொந்த லிப்ல இருக்கற ஜார் மட்டும் தான் அதுக்கு கண்ணுக்கு தெரியும், நம்ம வெப்-இன்ஃப் ஜார் கணக்குலயே வராது. சரி லேப்டாப்ல மட்டும் எப்படி ஓடுச்சுன்னு திறந்து பாத்தா, எப்பவோ பண்ண ஒரு பழைய ப்ராஜெக்ட்டோட ஜார் அங்க டாம்கேட் லிப்ல கெடக்குது!

ஆப் ஸ்டார்ட் ஆகும்போது ஓடற லிஸனர்ல கிளாஸ்.ஃபார்நேம் போட்டாலே போதும் (கனெக்டர் 8-ல இருந்து பேர்ல நடுவுல ஒரு 'சிஜே' வரும், பழைய பேர காப்பி பண்ணாதீங்க). நான் எப்படியும் கனெக்ஷன் பூல் (திறந்து வெச்ச டேட்டாபேஸ் கனெக்ஷன மாத்தி மாத்தி குடுக்கறது) வேணும்னு டாம்கேட்டோட கான்டெக்ஸ்ட் ஃபைல்ல டேட்டாசோர்ஸ் எழுதிட்டேன். அந்த பூல உருவாக்கறது டாம்கேட், அதனால ஜார் டாம்கேட் லிப்ல தான் இருக்கணும். வெப்-இன்ஃப்ல இருந்தத அழிச்சுட்டேன். ரெண்டு எடத்துல இருந்தா ஒரே கிளாஸ ரெண்டு லோடர் லோடு பண்ணி, அதே கிளாஸ அதே கிளாஸா மாத்த முடியாதுன்னு ஒரு கிளாஸ்காஸ்ட் எரர் வரும் பாருங்க, பைத்தியம் புடிச்சிடும்.

வண்டி நகர ஆரம்பிச்சுது, நான் டீ குடிக்க போனேன், பாதி டம்ளர்ல ஃபோன். "தம்பி, சுத்திக்கினே இருக்குது, சீட்டு வரல."

எண்ணிப் பாத்தேன், எட்டு சீட்டு வந்திருக்குது, ஒம்பதாவது டிராக்டர் மேடை மேல நிக்குது. சீட்டு பிரிண்ட் பேஜ்ல நான் கனெக்ஷன குளோஸ் பண்ணவே இல்ல, சீட்டுக்கு ஒண்ணா பூலுக்கு திரும்பாம போச்சு. ஆனா பூல்ல ஐம்பது போட்டிருந்தேனே, எட்டுல ஏன் நிக்கணும்? டாம்கேட்டோட கேட்டலீனா லாக்ல அப்பவே சொல்லி வெச்சிருக்குது, பூல் அளவு சொல்ற மேக்ஸ்ஆக்டிவ் இப்ப செல்லாது, மேக்ஸ்டோட்டல் போடு, டீஃபால்ட் 8-ன்னு. டாம்கேட் 7 காலத்து வரிய அப்படியே ஒட்டினது என் தப்பு. காத்திருக்கற நேரத்துக்கும் வரம்பு வைக்கல, வைக்கலன்னா எரர் கூட வராம அது பாட்டுக்கு காத்துக்கினே இருக்கும்.

வேலை முடிஞ்சதும் தானா குளோஸ் பண்ற ட்ரை வித் ரிசோர்சஸ்ல கனெக்ஷன போட்டு, காத்திருக்கற வரம்பா மேக்ஸ்வெயிட்மில்லிஸ் 10000 (பத்து செகண்ட்) வெச்சு ரீஸ்டார்ட் பண்ணேன், ஒம்பதாவது சீட்டு வந்துச்சு, பத்தாவதும் வந்துச்சு, பதினஞ்சு வரைக்கும் அங்கயே நின்னு எண்ணிட்டு தான் வண்டிய எடுத்தேன். வீட்டுக்கு வந்து மொத வேலையா லேப்டாப் டாம்கேட் லிப்ல இருந்த அந்த பழைய ஜார அழிச்சேன், இப்ப எந்த எரரா இருந்தாலும் எனக்கு தான் மொதல்ல வருது.